மாடிக்குப் போகிற ஒயர்

"வருதா?"ன்னு மாடியிலேர்ந்து எங்க வீட்டுக்காரர் கேக்கிறார். வருது. நல்லாவே வருது. என் ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கிற இந்தக் கண்ணாடிப் பல்பு துவரம்பருப்பு அளவுதான், வெறும் கண்ணுக்குச் செத்த பல்பு, ஆனா போனோட முன்பக்க கேமராவுல பார்த்தா, மாடியில அம்சவேணி ரிமோட்டை அழுத்துறப்பல்லாம் ஊதா நிறத்துல பளிச் பளிச்னு மின்னுது. அந்த வெளிச்சம் மனுசக் கண்ணுக்குத் தெரியாதாம், போனுக்குத்தான் தெரியுமாம், காலையில கால் மணி நேரம் உட்கார வச்சுப் பாடம் எடுத்தார். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். மின்னுச்சு. மின்னுறதைப் பார்த்துக்கிட்டே "வரலை!"ன்னு கத்திட்டேன். கத்தினப்புறம்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுச்சு. அட கடவுளே, நான் ஏன் அப்படிச் சொன்னேன்? மேலேர்ந்து அவர் குரல், "சரி விடு, பார்த்துடலாம்"னு. எனக்குச் சொன்னாரா அவளுக்குச் சொன்னாரான்னு தெரியலை. என்கிட்ட எதுக்காச்சும் "சரி விடு"ன்னு சொல்லியிருக்காரா இந்த மனுஷன்? ரசத்துல உப்பு ஒரு சிட்டிகை கூடினா மூணு நாளைக்குச் சொல்லிக் காட்டுவாரே.

போனை டிவி ஸ்டாண்டுல இருக்கிற மாக்கல்லுப் பிள்ளையார் மேல சாத்தி வச்சிருக்கேன். முன்பக்க கேமராங்கறதால என் மூஞ்சியும் சேர்ந்து தெரியுது. பல்பைக் கன்னத்துக்கிட்ட பிடிச்சுக்கிட்டு நான், எனக்குப் பின்னால காலண்டர், அதுக்குப் பின்னால மாடிப்படிக் கதவு. அம்பத்தெட்டு வயசு மூஞ்சி. புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு. இது எப்ப வந்துச்சு? போன ஆடியில இல்லை. போன ஆடியிலதான் அம்சவேணி குளித்தலை வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பெட்டியோட வந்து இறங்கினா. புருஷன் போய் நாலு வருஷமாச்சு, பையன் மஸ்கட்ல, தனியா இருக்க பயமா இருக்குதாம். "மாடி சும்மாதானே கிடக்குது"ன்னு இவர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டாம என்ன பண்றது? அவருக்குச் சொந்த அத்தை மக. முறைப்பொண்ணு. முறைப்பொண்ணுங்கிறதை யாரும் வாயால சொல்லலை, நானும் கேக்கலை, ஆனா எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த மூணாம் நாளே என் நாத்தனார் கொத்தமல்லி ஆய்ஞ்சுக்கிட்டே சொல்லிட்டா. "அம்சவேணியைத்தான் பேசி வச்சிருந்தாங்க, அத்தை வீட்டுக்காரர்தான் சர்க்கார் உத்தியோகம் இருந்தாத்தான் பொண்ணுன்னு நின்னுட்டார்." அவளுக்குக் கல்யாணமாகி மூணே மாசத்துல இவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆர்டர் வந்துச்சு. மூணே மாசம். அந்தத் தபால் ஒரு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா இந்த ஹால்ல இந்தப் போன் முன்னாடி வேற மூஞ்சி தெரியும். நான் எங்கயோ யாருக்கோ சோறு போட்டுக்கிட்டு இருப்பேன். இதை முப்பத்திமூணு வருஷமா நினைக்காம இருந்தேன். நினைக்காம இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

விஷயம் ஒண்ணும் பெரிசு இல்லை. ரெண்டு மாசம் முன்னாடி மொட்டைமாடியில துணி காயப் போடப் போனவ வழுக்கி விழுந்து கணுக்காலை உடைச்சுக்கிட்டா. மாவுக்கட்டு பிரிச்சாச்சு, ஆனா படி இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பொழுது போகணுமேன்னு இவர் மாடி ரூமுல ஒரு பழைய டிவியை மாட்டி, ஹால்ல இருக்கிற செட்டாப் பெட்டியிலேர்ந்தே கேபிள் இழுத்துவிட்டார். பெட்டி ஒண்ணு, டிவி ரெண்டு. கீழ என்ன ஓடுதோ அதுதான் மேலயும். அவளுக்குச் சேனல் மாத்தணும்னா போன் பண்ணுவா. "அத்தான், பாட்டுச் சேனல் வைங்களேன்." உடனே இவர் சாப்பிட்ட கையோட ஹாலுக்கு ஓடி வந்து மாத்துவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அத்தான், பத்துத் தடவை ஓட்டம். நான் பார்த்துக்கிட்டிருக்கிற சீரியலை மாத்திட்டு "அஞ்சு நிமிஷம், பாவம் படுத்திருக்கா"ம்பார். போதும் போதும்னு ஆயிடுச்சு எனக்கு. அப்புறம் ஒரு நாள் அவரா சொன்னார், அவ கையில ஒரு ரிமோட்டைக் கொடுத்துட்டு, அதோட சிக்னலை ஒயர்ல பிடிச்சுக் கீழ கொண்டு வந்து பெட்டி மூஞ்சியில விட்டுடலாம், சாமானெல்லாம் நம்மகிட்டயே கிடக்குதுன்னு. மேல மூணு கால் உள்ள ஒரு கறுப்புப் பொட்டு, அது ரிமோட் சொல்றதைக் கேட்டுக்கும். கீழ இந்தக் கண்ணாடிப் பல்பு, அது பெட்டிக்கிட்ட திருப்பிச் சொல்லும். நடுவுல ஒயர். நான் சந்தோஷப்பட்டேன், நிஜமா. ஓட்டம் நிக்கும், அத்தான் நிக்கும்னு. நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. நாலு ஞாயித்துக்கிழமையும் மனுஷன் மாடியிலதான் கிடக்கிறார். இது வேலை செஞ்சாத்தான் அவர் கீழ வருவார். அது தெரிஞ்சும் என் வாய் வரலைங்குது.

"இப்ப அழுத்துறா, பாரு!" மின்னுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. என் கன்னத்துல ஊதாப் பொட்டு வச்ச மாதிரி. இந்தத் தடவை வந்திருச்சுன்னு சொல்லிடணும். சொல்லிடு மரகதம். சொல்லிட்டா அவர் ஸ்குரூ டிரைவரையெல்லாம் எடுத்துக்கிட்டு இறங்கிடுவார், காபி போட்டுக் கொடுக்கலாம், ரெண்டு பேரும் உட்காந்து குடிக்கலாம். வாயைத் திறந்தேன். அப்பப் பார்த்து மேல அவ சிரிச்சா. பெரிய சிரிப்பு இல்லை, வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிற சின்னச் சிரிப்பு. இவர் ஏதோ சொல்லியிருக்கார். இவருக்கு ஜோக்கு சொல்ல வருமா? எங்கிட்ட இவர் பேசுறது மூணு வாக்கியம். "பேப்பர் வந்துச்சா", "மோட்டார் போட்டியா", "என்ன சமையல்." "வரலை"ன்னு கத்தினேன். முதல் தடவையை விடச் சத்தமா. கத்தினதும் நெஞ்சுக்குள்ள ஜில்லுன்னு ஒரு சந்தோஷம், அடுத்த நொடியே வயித்தெரிச்சல். ஏன்னா இப்ப அவர் இன்னும் பத்து நிமிஷம் அங்கதான் இருப்பார். என் வாயாலயே அவரை அங்க உட்கார வச்சுட்டேன். லூசாடி நீ?

"அம்சா, டிவியில கேக்குற அந்த முணுமுணுப்பையும் சுத்தமா அணைச்சிடு. கீழ அவ கத்துறது கேக்க மாட்டேங்குது." அம்சா. அவ. இதான், இதைத்தான் சொல்றேன். அவளுக்குப் பேரு இருக்கு, பேர்லயும் பாதியை மிச்சம் பிடிச்சுச் செல்லமா ஒரு பேரு இருக்கு. நான் அவ. நேருக்கு நேரா இருந்தா "இந்தா." முப்பத்திமூணு வருஷத்துல அவர் வாயில மரகதவல்லின்னு முழுசா என் பேரைக் கேட்டது ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுறப்பதான். அதுலயும் ஒரு தடவை வயசைத் தப்பாச் சொன்னார். பொறாமைன்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க. ஆமா, பொறாமைதான். அறுபத்தொரு வயசு மனுஷன், ரேஷன் கடைக்குப் போய்ட்டு வாங்கன்னா முழங்கால் வலிங்கிறார், அவளுக்குச் சாப்பாடு கொண்டு போறப்ப ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறுறார். நான் எண்ணியிருக்கேன். பதினாறு படி, எட்டுச் சத்தம். சமைக்கிறது நான், தூக்கிட்டுப் போறது அவர், வெறும் தட்டோட ஒரு குறையும் சேர்ந்து வரும். "அம்சா கேட்டா, புளிக்குழம்புல வெந்தயம் தாளிக்க மாட்டியான்னு." மறுநாள் வெந்தயம் தாளிச்சேன், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கைநிறைய அள்ளிப் போட்டிருக்கணும், கசக்கக் கசக்க.

வாசல் காலிங் பெல் ரெண்டு வருஷமா அடிக்கலை. பால்காரர் கேட்டைத் தட்டித் தட்டி அந்த இடத்துல பெயிண்டே போயிடுச்சு. சொன்னா "பார்க்கலாம்"பார். எனக்குன்னு ஒரு ஆணி அடிச்சதில்லைன்னு சொல்லலாம்னு பார்த்தா, அப்படியும் சொல்ல முடியலை. ஒண்ணு பண்ணினார். எங்கம்மா படுக்கையில விழுந்தப்ப, தினமும் சாயந்திரம் போன் வரும், நான் அடுப்பை விட்டு ஹாலுக்கு ஓடி வருவேன், குழம்பு அடிப்பிடிக்கும். ஒரு லீவு நாள்ல ஒண்ணுமே சொல்லாம ஹால்லேர்ந்து சமையல் உள்ளுக்கு ஒரு ஒயர் இழுத்து, அரிசி டப்பாவுக்குப் பக்கத்துல இன்னொரு போனை மாட்டிட்டார். பச்சை கலர் போன். "இனிமே ஓடாத"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அன்னிக்கு ராத்திரி நான் அந்தப் போனை மஞ்சத்துணி போட்டுத் துடைச்சேன். எங்கம்மாவோட கடைசி வார்த்தையும் அந்த ஒயர் வழியாத்தான் வந்துச்சு, "சாப்பிட்டியாடி"ன்னு. லேண்ட்லைன் வேண்டாம்னு சரண்டர் பண்ணப்புறமும் ஒயர் சுவத்துலயே இருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்குப் பிடிச்சு, ஒரு இடத்துல என் மஞ்சள் விரல் பட்ட கறையோட. போன ஞாயித்துக்கிழமை அதைக் காணோம். சுவத்துல ஆணி ஓட்டை மட்டும்தான் வரிசையா இருந்துச்சு. கேட்டதுக்கு "நாலு கோர் ஒயர், உள்ள நாலு கம்பி, எக்ஸ்சேஞ்ச் சரக்கு, கடையில இப்ப இந்தத் தரம் கிடைக்காது"ன்னார். இதோ, என் கையில இருக்கிற பல்புக்குப் பின்னாடி போகுதே, அதே ஒயர். நாலாவது வளைவுல என் மஞ்சக் கறை. அம்சவேணிக்குப் பாட்டுச் சேனல் மாத்த எங்கம்மா குரல் வந்த ஒயரைப் பிடுங்கியிருக்கார். அவரு தெரிஞ்சு பண்ணலை. தெரியாமத்தான் பண்ணினார். தெரிஞ்சு பண்ணியிருந்தாக்கூட மனசு இவ்வளவு வலிச்சிருக்காது.

மூணாவது தடவையும் "வரலை." இப்பக் கொஞ்சம் நிதானமா, யோசிச்சே சொன்னேன். சொல்லிட்டுப் போன்ல என் மூஞ்சியைப் பார்த்தேன். பொய் சொல்றப்ப என் மூஞ்சி ஒண்ணுமே ஆகலை. இவருக்கு அது வராது. இவர் பொய் சொன்னா ரெண்டு தடவை சொல்வார், மாமியார் காலத்துலேர்ந்தே தெரியும். சர்க்கரை மாத்திரை போட்டீங்களான்னா "போட்டேன்"னு ஒரு தடவை சொன்னா போட்டிருக்கார். "போட்டேன்... போட்டேன்"னா மாத்திரை டப்பாவுலேயே இருக்கு. அவருக்கே அது தெரியாது. நான் சொன்னதும் இல்லை, சொன்னா திருத்திக்கிட்டா என்ன பண்றது? இப்ப மேல ஸ்டூலை நகத்துறார். ஈயம் பத்தவைக்கிற வாசனை படி வழியா இறங்கி வருது. அவருக்கு ஒரு வழக்கம் இருக்கு, எக்ஸ்சேஞ்சுல பழகினது, ஒரு லைன் வேலை செய்யலைன்னா ஒவ்வொரு துண்டாத்தான் பார்ப்பார். "முதல்ல வெளிச்சம் வருதா, அதை நீ சொல்லு. அது ஆமான்னா அப்புறம்தான் பெட்டி கேக்குதான்னு பார்க்கணும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது." அதுக்குத்தான் ரெண்டு பல்பு. ஒண்ணைக் காலையிலயே பெட்டி மூஞ்சியில டேப் போட்டு ஒட்டிட்டார், இன்னொண்ணு என் கையில, சாட்சிக்கு. ஹால் டிவியைக்கூட அணைச்சு வச்சுட்டார், என் கவனம் சிதறுமாம். என்னை நம்பி முதல் துண்டை என் கையில கொடுத்துட்டுப் போயிருக்கார். எனக்கு அழுகை வர்ற மாதிரி இருக்கு. வராது, ஆனா வர்ற மாதிரி இருக்கு.

இறங்கி வர்றார். நெத்தியெல்லாம் வேர்வை, விரல்ல ஈயக்கறை. "எங்க, நீ சரியாப் பிடிச்சியா? கேமராவுக்கு நேரா இருக்கணும்னு சொன்னேன்ல?" "நேராத்தான் பிடிச்சேன்." "சரி இந்தா, நீ மேல போ. அந்தச் சென்சர், கறுப்புப் பொட்டு, கட்டில் கால்கிட்டத் தொங்குது, அதை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நீயே ரிமோட்டை அழுத்து. நான் இங்கேர்ந்து பார்க்கிறேன்." தொலைஞ்சேன். பல்பை அவர் கையில கொடுத்தேன். என் இடத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்தார், போன்ல அவர் மூஞ்சி வந்துச்சு. பதினாறு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு சமாதானம் யோசிச்சேன். கண்ணாடி போடலை, அதான் தெரியலை. ஜன்னல் வெயில் அடிச்சுது. கை நடுங்குச்சு. பத்தாவது படியில முழங்கால் பிடிச்சுது, நின்னேன். மூணு தடவை பொய் சொல்லியிருக்கேன், ஒரே அழுத்துல வெளிச்சமாயிடும், அப்புறம் "ஏன்"னு கேப்பார். அந்த ஏனுக்கு நான் என்னத்தைச் சொல்வேன்? அவகிட்ட நீங்க சிரிக்க வைக்கப் பேசுறீங்க, அதனாலன்னா? இந்த வயசுல?

அம்சவேணி கட்டில்ல சுவத்துல சாஞ்சு, காலைத் தலகாணி மேல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. எதுத்தாப்புலயே டிவி, சத்தமில்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு, யாரோ ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தா. நாற்காலி மேல இவர் துண்டு. ஜன்னல்ல ரெண்டு டம்ளர். "வாங்கக்கா"ன்னா. இவர் உட்கார்ந்து வேலை செஞ்ச ஸ்டூல் கட்டில் காலடியில சுவத்தைப் பார்க்கக் கிடந்துச்சு, டிவிக்கு முதுகு காட்டி. சென்சரை ஒரு கையில பிடிச்சேன். இன்னொரு கையை நீட்டினேன், ரிமோட்டைக் கொடுத்தா. கீழேர்ந்து "அழுத்து!" அழுத்தினேன். டிவியில வெங்காயக்காரி போய் நியூஸ் வந்துச்சு. மறுபடி அழுத்தினேன். கிரிக்கெட். மறுபடி. பழைய படம், ஒருத்தர் குதிரையில போறார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பெட்டி கேக்குது. காலையிலேர்ந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான் வரலை வரலைன்னு கத்தினப்பல்லாம் இங்க இவ கண்ணு முன்னாடி சேனல் மாறிக்கிட்டே இருந்திருக்கு.

அவளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா. "எத்தனை தடவை மாறுச்சு?"ன்னேன், ரகசியமா. "எல்லாத் தடவையும்தான்க்கா." "அப்ப ஏன் சொல்லலை?" அவ போர்வை ஓரத்தை நீவி நீவி விட்டா. "நீங்க வரலைன்னு சொல்றீங்க. உங்க வீடு. நான் எப்படி வந்துச்சுன்னு சொல்றது?" பணிவாத்தான் சொன்னா. கண்ணு மட்டும் பணிவா இல்லை. இல்லை, இருந்துச்சோ என்னமோ, எனக்குத் தெரியலை. அப்புறம் இன்னும் மெதுவா, "அத்தான் வேலை முடிஞ்சுதுன்னா கீழ போயிடுவார். இந்த ரூமுல நாள் முழுக்க நான் மட்டும்தான்க்கா"ன்னா. ஐயோ, நான் கொடுத்த பொய்யை வாங்கி இவ பத்திரமா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்திருக்கா. எனக்கு அவளை அறையணும்போலவும் இருந்துச்சு, நகர்ந்திருந்த அந்தத் தலகாணியை அவ காலுக்குக் கீழ சரியா வைக்கணும்போலவும் இருந்துச்சு.

கீழ அவர். அவர் கையில பல்பு, முன்னாடி போன், நான் வச்சது வச்சபடி. இந்நேரம் அவர் கன்னத்துலயும் ஊதா மின்னியிருக்கும். நான் மூணு தடவை பொய் சொன்னது தெரிஞ்சிருக்கும். இன்னொரு தடவை அழுத்தினேன். குதிரைக்காரர் போயிட்டார், பாட்டுச் சேனல் வந்துச்சு, அவளோட பாட்டுச் சேனல். அப்புறம் அவர் குரல் படியேறி வந்துச்சு.

"வரலை... வரலை."

ரெண்டு தடவை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு சொன்னாரா, இல்லை இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்னு சொன்னாரா? கேக்க முடியாது. நான் வாயைத் திறந்து "மேல மாறுது"ன்னு ஒரு வார்த்தை சொன்னா மூணு பேர் பொய்யும் ஒண்ணா வெளிய வந்து விழும், மூணு பேரும் மூணு பக்கம் தலையைத் திருப்பிக்கணும். "அடுத்த வாரம் பிரிச்சுப் பார்த்துக்கலாம், நீ இறங்கி வா"ன்னார். இறங்கி வாயாம். அவர் ஏறி வர்றதுக்கு நான் இறங்கணும். அம்சவேணி மூஞ்சியைப் பார்க்கலை, பார்த்தா ஏதாவது சொல்லிடுவேன். தலகாணியைச் சரி பண்ணினேன். "கொஞ்சம் தள்ளி உட்காரு"ன்னு சொல்லிட்டுக் கட்டில்ல அவ பக்கத்துல உட்கார்ந்து, ரிமோட்டை என் மடியில வச்சுக்கிட்டேன்.

"நான் இறங்கலை, எனக்கு முழங்கால் வலிக்குது. நீங்களே வாங்க, வர்றப்ப மூணு பேருக்கும் காபி போட்டு எடுத்துட்டு வாங்க. இனிமே ஞாயித்துக்கிழமை நானும் இங்கதான் இருப்பேன்"னு கத்தினேன்.

ரொம்ப நேரம் கழிச்சுத்தான் படியில சத்தம் கேட்டுச்சு, டம்ளர் ஒண்ணோட ஒண்ணு உரசுற சத்தத்தோட. எண்ணினேன். பதினாறு. இந்தத் தடவை ஒவ்வொரு படியாத்தான் ஏறினார்.